இரண்டு பவுன் சங்கிலியின் வாழ்க்கை வரலாறு

2018-இல் தி.நகர் உஸ்மான் ரோட்டில் வாங்கிய இரண்டு பவுன் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குச் சொல்வதற்காக நான் கற்பித்துக்கொண்ட சங்கிலிதான். ஆனால் அது போகிற பாதை தென்சென்னையில் பல வீடுகளுக்கு அத்துப்படி: நகைச் சீட்டு, கழுத்து, அடகு, வட்டி, கடைசியில் மீட்பு அல்லது ஏலம். ஒரு குடும்பம் பணத்தோடு எப்படிப் பழகுகிறது என்பதை, அந்தச் சங்கிலி எங்கெங்கே கிடந்தது என்று கேட்டாலே தெரிந்துகொள்ளலாம்.

அதன் பிறப்பு பெரும்பாலும் வெளிநாட்டில். கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. இப்போது சுவிட்சர்லாந்திலிருந்தும் அமீரகத்திலிருந்தும் வரும் 24 காரட் கட்டிகள்தான் சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகள் வழியாகப் பத்தர்களின் பட்டறைக்குப் போகின்றன. அங்கே செம்பும் வெள்ளியும் சேர்ந்து 22 காரட் ஆகிறது. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். இந்த 22 காரட்டையே அரசு ஒரு காலத்தில் தடுத்துப் பார்த்தது. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டின்படி புது நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வேலை போனது பத்தர்களுக்கு. தங்க ஆசை அப்படியே இருந்தது. 1968-இல் சட்டமாகவே ஆன அந்தக் கட்டுப்பாடு 1990-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நம் சங்கிலியில் 916 முத்திரை இருக்கிறது. எழுத்தும் எண்ணுமாக ஆறு குறிகள் கொண்ட ஹெச்யூஐடி அடையாளம் இல்லை. அது 2021 ஜூலையில்தான் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத நகையைக் கடைகள் விற்கவே கூடாது.

சங்கிலியை வாங்கியது நகைச் சீட்டில். மாதம் 5,000 ரூபாய், 11 மாதம். ஏன் 12 இல்லை? பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது ‘டெபாசிட்’ ஆகிவிடும் என்று 2014-ஆம் ஆண்டு நிறுவன விதிகள் சொல்கின்றன. அதனால்தான் பதினொன்றோடு நிறுத்தி, பன்னிரண்டாம் மாதம் நகையைக் கையில் கொடுக்கிறார்கள். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைக்கடையில் கட்டிய தவணைக்கு அது கிடையாது. கடையின் நாணயம்தான் ஜாமீன்.

55,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது? அந்த வருடம் பவுன் 23,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. சங்கிலியின் எடை 16 கிராம். 12 சதவீதம் சேதாரம் என்றால் 17.92 கிராமுக்கு விலை போட வேண்டும்; அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, 18.46 கிராம் தங்கத்தின் விலையைக் கொடுத்து 16 கிராமை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கடைவாசல் தாண்டும் முன்பே சுமார் இரண்டரை கிராம் போயிற்று. சீட்டுக் கட்டியவர்களுக்குச் சேதாரத்தில் ஒரு பங்கைத் தள்ளிக்கொடுக்கும் கடைகள் உண்டு. எத்தனை சதவீதம் வரை, எந்த டிசைனுக்கு என்பதைச் சீட்டில் சேரும்போதே கேட்க வேண்டும், நகை எடுக்கும்போது அல்ல.

இரண்டு வருடம் சங்கிலி கழுத்திலும் பீரோவிலும் மாறி மாறி இருந்தது. 2020 கோடையில் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்காக மயிலாப்பூருக்குப் போயிற்று.

மயிலாப்பூரில் அடகுக்கு நீண்ட பரம்பரை உண்டு. ஊர்க்காரர்கள் வெறுமனே ‘ஃபண்டு’ என்று சொல்லும் மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. இந்த வகை நிறுவனத்துக்கு ‘நிதி’ என்று பெயர். உறுப்பினரிடம்தான் டெபாசிட் வாங்கலாம், உறுப்பினருக்குத்தான் கடன் கொடுக்கலாம். கடனும் நகை, வீடு, டெபாசிட் போன்றவற்றின் பேரில்தான். சீட்டு நடத்தக் கூடாது, டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. ஓய்வூதியக்காரர் போட்ட பணம்தான் பக்கத்துத் தெருவில் கல்யாணம் வைத்திருப்பவருக்கு நகைக்கடனாகப் போகிறது.

பெரிய பெயரை நம்பிப் பணம் போட்டால் என்ன ஆகும் என்று சென்னை ஒருமுறை பார்த்துவிட்டது. 1906 அக்டோபர் 22 அன்று அர்பத்நாட் கம்பெனி நொடித்தது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். அந்த அடியிலிருந்துதான் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது. நிதிகளும் தப்பவில்லை. அளவுக்கு மீறி வட்டி ஆசை காட்டிய பல நிதிகள் 1990-களின் கடைசியில் சரிந்த பிறகு, சபாநாயகம் குழு அமைக்கப்பட்டு விதிகள் இறுகின. இன்றைய விதிப்படி நிதி ஒன்று நகை மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கடன் தர முடியாது. தவணையும் ஓராண்டைத் தாண்டக் கூடாது.

சங்கிலி கவுன்டரில் இறங்கியது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, எடை போட்டு, எழுதினார். கடையில் கொடுத்த சேதாரத்துக்கும் செய்கூலிக்கும் இங்கே மரியாதை கிடையாது. தங்கத்தின் எடை மட்டும்தான் பேசும். அப்போது பவுன் 36,000 ரூபாய் வாக்கில் இருந்ததால், இரண்டு பவுனுக்கு 50,000 ரூபாய் கடன் தாராளமாகக் கிடைத்தது. வட்டி வருடத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 ரூபாய்.

இதுவரை ஒரு தப்பும் நடக்கவில்லை. கந்துவட்டிக்கு வாங்குவதைவிட நகையை வைப்பது எவ்வளவோ மேல். கோளாறு ஆரம்பிப்பது பன்னிரண்டாம் மாதத்தில். “வட்டியைக் கட்டி மாத்தி வெச்சிடலாம்” என்று 6,000 ரூபாயோடு போகிறார்கள். ரசீதில் தேதி புதிது, கடன் அதே 50,000. ஐந்து வருடம் இப்படியே போனால் கட்டிய வட்டி 30,000. அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது.

இதற்கு நடுவில் விலை ஏறுகிறது. 2025 தொடக்கத்தில் அறுபதாயிரத்துக்குள் இருந்த பவுன் அக்டோபரில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியது. நம் சங்கிலி அப்போது 1,80,000 ரூபாய்ச் சொத்து! கவுன்டரில் அடுத்த யோசனை தயாராக இருக்கிறது: அதே நகை மேல் இன்னும் கொஞ்சம் பணம். விலை ஏறியதால் வந்த லாபம் முழுக்கக் கடனாக மாறும் இடம் இதுதான். பீரோவில் இருந்திருந்தால் அந்த ஏற்றம் குடும்பத்தின் பலம். அடகில் இருந்ததால் அதுவே பெரிய கடனுக்கு வழி.

வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது அதே வருடம் தெரிந்தது. வங்கிகள் அசலும் வட்டியும் முழுதாகக் கட்டி நகையை மீட்டு, பிறகுதான் மறுபடி வைக்க வேண்டும் என்று கெடுபிடி காட்டின. அந்த இடைவெளியைச் சமாளிக்க வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டிய நிலை. ரிசர்வ் வங்கியின் நகைக்கடன் வரைவு விதிகளைப் பற்றி மே மாதக் கடைசியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் பிரச்சினை பெரிதானது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள், இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை அனுமதித்தன. மொத்தமாகத் திருப்பிக் கட்டும் கடனைப் புதுப்பிக்க, சேர்ந்த வட்டியையாவது கட்டியிருக்க வேண்டும். கடன் தீர்ந்து 7 வேலை நாளுக்குள் நகை கைக்கு வராவிட்டால் வாடிக்கையாளருக்கு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இந்தப் பாதுகாப்பெல்லாம் கடனைத் தீர்க்கிறவருக்குத்தான் முழுதாகப் பயன்படும்.

வட்டியும் கட்டாமல் போனால் சங்கிலியின் முடிவு வேறு. முதலில் நோட்டீஸ், பிறகு நாளிதழில் ஏல அறிவிப்பு. ஏலத்தில் கடன்போக மிஞ்சியது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டும். சங்கிலி மட்டும் திரும்பாது. அது உருகி வேறு யாருடைய நகையாகவோ ஆகும். ‘மூழ்கிப் போச்சு’ என்று ஒரே வார்த்தையில் வீட்டில் முடித்துக்கொள்வார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. அதே குடும்பம்தான் 11 மாதம் தவறாமல் 5,000 ரூபாய் கட்டியது. சம்பளம் வந்ததும் முதல் வேலையாக உஸ்மான் ரோட்டுக்குப் பணம் போயிற்று. அந்த ஒழுங்கு அடகுக் கவுன்டரில் எங்கே போனது? 50,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 2,000 ரூபாய் கட்டிவந்தால், வட்டி போக மீதி அசலில் கழிந்து, வருடத்துக்கு ஒருமுறை மாற்றி வைத்தாலும் 29-ஆம் மாதத்தில் கணக்கு முடிகிறது. மொத்த வட்டி 8,000-க்கும் கீழே. சீட்டுக்குக் கட்டிய அதே 5,000-ஐக் கட்டினால் ஒரு வருடத்துக்குள் சங்கிலி வீட்டில். நடுவில் அசலைப் பகுதி பகுதியாக வாங்கிக்கொள்வார்களா, வாங்கினால் அன்றே வட்டி குறையுமா என்பதுதான் அடகு வைக்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வி. பலரும் ‘எவ்வளவு கிடைக்கும்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. பழைய சங்கிலி மயிலாப்பூரில் 12 சதவீத வட்டியில் கிடக்க, தி.நகரில் புதிதாக ஒரு நகைச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கும். புது நகை ‘சேமிப்பு’, பழைய நகை ‘சமாளிப்பு’ என்று மனம் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் விடை சுலபம்: அடகில் நகை இருக்கும்வரை, அதை மீட்பதைவிட லாபமான சீட்டு எந்தக் கடையிலும் இல்லை. அதற்குச் சேதாரமும் கிடையாது, ஜிஎஸ்டியும் கிடையாது.