மேற்குக் கனடாவின் மனத்தாங்கல்

கனடாவின் நாடாளுமன்றத் தேர்தல்களைப் பற்றி மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய நான்கு மேற்கு மாகாணங்களின் வாக்காளர்களிடம் நூறாண்டுக்கும் மேலாக இருந்துவரும் குறை இது. ஆட்சியை ஒன்டாரியோவும் கியூபெக்குமே முடிவு செய்துவிடுகின்றன, மேற்கின் வாக்குக்கு மதிப்பில்லை என்பது அதன் சாரம். இந்தக் குறையிலிருந்து பல கட்சிகள் பிறந்தன. அவற்றுள் ஒன்று நாட்டின் கட்சி அமைப்பையே புரட்டிப்போட்டது.

விதை முதலிலேயே விழுந்துவிட்டது. ஆல்பர்ட்டாவும் சஸ்காட்செவனும் 1905இல் மாகாணங்களாயின. ஆனால் பழைய மாகாணங்களுக்கு இருந்ததுபோல் நிலமும் கனிமமும் அவற்றின் கைக்கு வரவில்லை. 1930 வரை அவற்றை ஒட்டாவாவில் இருந்த கூட்டாட்சி அரசே வைத்துக்கொண்டது. முன்பே உருவான மனிடோபாவுக்கும் இதே கதி. 1879 முதல் நடப்பில் இருந்த காப்பு வரிக் கொள்கை இன்னொரு பக்கம் நெருக்கியது. சமவெளி விவசாயி கோதுமையை உலகச் சந்தை விலைக்கு விற்றார். கலப்பையையும் அறுவடை இயந்திரத்தையும் கிழக்குத் தொழிற்சாலைகள் வைத்த விலைக்கு வாங்கினார். அமெரிக்காவுடன் வரியைக் குறைக்கும் உடன்பாட்டை முன்வைத்து லிபரல் பிரதமர் லாரியே 1911இல் தேர்தலைச் சந்தித்தபோது ஆல்பர்ட்டாவும் சஸ்காட்செவனும் அவர் பக்கம் நின்றன. ஒன்டாரியோ எதிர்த்தது, லாரியே வீழ்ந்தார்.

பழைய கட்சிகள் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிய விவசாயிகள் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். 1921 தேர்தலில் அது நாடாளுமன்றத்தின் இரண்டாவது பெரிய கட்சியானது. அப்படியிருந்தும் அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக அமர மறுத்துவிட்டது! கட்சிக் கட்டுப்பாடு என்பதையே வெறுத்தவர்கள் அவர்கள். லிபரல் பிரதமர் கிங் அவர்களில் பலரை ஒவ்வொருவராகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பொருளாதாரப் பெருமந்தத்தில் மேற்கு இரண்டு எதிர்த்திசைகளில் கிளம்பியது. 1932இல் கால்கரியில் கூடி, மறு ஆண்டு ரெஜைனாவில் கொள்கை அறிக்கை வெளியிட்ட கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு இடதுசாரியானது; பின்னாளில் சஸ்காட்செவனில் ஆட்சிக்கு வந்து பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வழிகாட்டியது. ஆல்பர்ட்டாவிலோ வானொலிப் போதகர் ஏபர்ஹார்ட்டின் சோஷியல் கிரெடிட் கட்சி 1935இல் மாகாண ஆட்சியைப் பிடித்தது; அதே ஆண்டு கூட்டாட்சித் தேர்தலிலும் 17 இடங்களை வென்றது. மேற்கை ஒரே குரலாகக் கருதிப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

மேற்கு மனிதர் ஒருவர் ஒட்டாவாவை ஆண்டால் போதும் என்ற நம்பிக்கையை 1958 ஊட்டியது. கன்சர்வேட்டிவ் தலைவரான சஸ்காட்செவன் வழக்கறிஞர் டீபன்பேக்கர் 265 இடங்களில் 208ஐ வென்றார். அன்று தொட்டு சமவெளி மாகாணங்களில் கன்சர்வேட்டிவ்களின் கை ஓங்கியது. ஆனால் 1980 அந்த ஆதரவின் பயனின்மையைக் காட்டியது. பியர் ட்ரூடோவின் லிபரல் கட்சி 282இல் 147 இடங்களுடன் பெரும்பான்மை பெற்றது. மேற்கில் அதற்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள், இரண்டும் வின்னிபெக்கில். அதே ஆண்டு அக்டோபரில் வந்த தேசிய ஆற்றல் திட்டம் எண்ணெய் விலையை உலகச் சந்தைக்குக் கீழே நிறுத்தி, வருவாயில் ஒட்டாவாவின் பங்கைக் கூட்டியது. ஆல்பர்ட்டா முதல்வர் லோகீட் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்துப் பதிலடி கொடுத்தார். 'கிழக்கத்தியப் பயல்கள் இருட்டில் விறைக்கட்டும்' என்ற பொருளில் ஒட்டுத்தாள்கள் கார்களில் ஓடின. தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத ஆளும் தரப்பு தங்கள் மண்ணின் வளத்துக்கு விலை வைத்தது என்பதே ஆல்பர்ட்டாவின் வாக்காளரை உறுத்தியது. அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை.

லிபரல்கள் செய்ததாவது எதிராளியின் வேலை. 1984இல் ஆல்பர்ட்டா தன் 21 இடங்களையும் அள்ளிக் கொடுத்த கன்சர்வேட்டிவ் பிரதமர் மல்ரோனி செய்ததுதான் ஆறாத காயம். சி.எஃப்-18 போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வின்னிபெக் நிறுவனம் ஒன்று குறைந்த விலையும் மேலான தொழில்நுட்பமும் காட்டியிருந்தது. 1986இல் அது மாண்ட்ரியால் நிறுவனத்துக்குப் போனது. நம் கட்சியே ஆண்டாலும் கியூபெக்தான் முதல் என்ற எண்ணம் மேற்கில் உறைத்துவிட்டது.

மறு ஆண்டே வின்னிபெக்கில் ரிஃபார்ம் கட்சி உருவானது. தலைவர் பிரெஸ்டன் மானிங், ஆல்பர்ட்டாவை 25 ஆண்டுகள் ஆண்ட முதல்வரின் மகன். மேற்கும் உள்ளே வர வேண்டும் என்பது அதன் முழக்கம், பிரிந்து போவதல்ல. மேலவைச் சீர்திருத்தம் அதன் தலையாய கோரிக்கை. நியமன மேலவையில் ஆல்பர்ட்டாவுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் தலா 6 இடங்கள். அவற்றைவிட மக்கள்தொகை மிகக் குறைந்த நோவா ஸ்கோஷியாவுக்கும் நியூ பிரன்ஸ்விக்குக்கும் தலா 10. 1988இல் ஓரிடமும் பெறாத ரிஃபார்ம், 1993இல் 52 இடங்களைப் பிடித்தது. ஆண்டுகொண்டிருந்த கன்சர்வேட்டிவ் கட்சி 16 சதவீத வாக்குடன் இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. இங்கும் மேற்குக்கு ஒரு குட்டு காத்திருந்தது: ரிஃபார்மைவிடக் குறைந்த வாக்குகள் பெற்ற கியூபெக் பிரிவினைக் கட்சி 54 இடங்களுடன் எதிர்க்கட்சி அந்தஸ்தைத் தட்டிக்கொண்டு போனது.

தேர்தல் இரவின் கணக்கும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி. நியூஃபவுண்ட்லாந்துக்கும் வான்கூவருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வாக்குச்சாவடிகள் உள்ளூர் நேரப்படி மூடப்பட்டுவந்த காலத்தில், மேற்குக் கடற்கரை வாக்குகள் எண்ணப்படும் முன்பே ஆட்சி யாருக்கு என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கிழக்கின் முடிவை மேற்கில் முன்கூட்டி ஒலிபரப்பச் சட்டம் தடை விதித்திருந்தது. 1996இல் நேரங்கள் மாற்றி அமைக்கப்பட்டு, ஒன்டாரியோ முதல் ஆல்பர்ட்டா வரை சாவடிகள் ஏறக்குறைய ஒன்றாக மூடின. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மணி நேரம் தாமதம். சமூக ஊடகக் காலத்தில் கட்டிக்காக்க முடியாத அந்த ஒலிபரப்புத் தடை 2015 தேர்தலில் இல்லை. மனக்குறைக்கு இந்தச் சீர்திருத்தம் மருந்தாகவில்லை, ஏனெனில் நோய் கடிகாரத்தில் இல்லை.

ரிஃபார்ம் 1997இல் 60 இடங்களுடன் எதிர்க்கட்சியானது, ஒன்டாரியோவில் ஒன்றுமில்லை. பெயரை மாற்றி 2000இல் நின்றபோது அங்கே கிடைத்தவை இரண்டு. வேறு வழியின்றி 2003இல் பழைய கன்சர்வேட்டிவ்களுடன் இணைந்தது. கால்கரித் தொகுதியின் ஹார்ப்பர் 2006இல் பிரதமரானார். 2011இல் அவருக்குப் பெரும்பான்மை தந்தவை ஒன்டாரியோவின் 73 இடங்கள். மேற்குக்கென்று தொடங்கிய கட்சி ஆள விரும்பிய நாளிலேயே ஒன்டாரியோ கட்சியாகவும் ஆக வேண்டியிருந்தது. மேலவைக் கனவை, அரசியல் சாசனத் திருத்தம் இல்லாமல் முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் மூடியது.

அதன் பிறகு குழாய்வழித் திட்டங்களும் கார்பன் வரியும் சண்டையின் களமாயின. 2019இல் நாடு முழுவதும் கன்சர்வேட்டிவ்களுக்கே லிபரல்களைவிட அதிக வாக்கு. ஆல்பர்ட்டாவிலும் சஸ்காட்செவனிலும் லிபரல்களுக்கு ஓரிடமும் இல்லை. ஆட்சி லிபரல்களுக்கே. மாகாணங்களுக்கிடையிலான நிதிச் சமப்படுத்தல் கொள்கையைச் சாசனத்திலிருந்து நீக்கும் யோசனையை 2021 பொது வாக்கெடுப்பில் ஆல்பர்ட்டாவில் சுமார் 62 சதவீதத்தினர் ஆதரித்தனர். சட்டப்படி அதற்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை.

2025 தேர்தலில் ஒன்டாரியோவுக்கும் கியூபெக்குக்கும் சேர்த்து இடங்கள் 200. நான்கு மேற்கு மாகாணங்களுக்கு 108. பெரும்பான்மைக்குத் தேவை 172. ஆல்பர்ட்டாவின் 37இல் 34ஐ கன்சர்வேட்டிவ்கள் வென்றனர். பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ லிபரல்கள் 20, கன்சர்வேட்டிவ்கள் 19. கால்கரியில் பிறந்த கன்சர்வேட்டிவ் தலைவர் பொய்லிவ்ர் ஒட்டாவா பகுதியிலுள்ள தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஆல்பர்ட்டாவின் பேட்டில் ரிவர்–குரோஃபுட் தொகுதி உறுப்பினர் அவருக்காகப் பதவி விலகினார். ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் 214 பேர் நின்றதால் வாக்குச்சீட்டில் பெயர்கள் அச்சிடப்படவில்லை. வாக்காளர்களே வேட்பாளர் பெயரை எழுத வேண்டியிருந்தது. சுமார் 80 சதவீதத்தினர் பொய்லிவ்ரின் பெயரை எழுதினர். அவர் பிரதமராக வேண்டுமானால் அந்த 80ஐ 90 ஆக்கிப் பயனில்லை. டொராண்டோவைச் சுற்றியுள்ள தொகுதிகளைப் பிடித்தாக வேண்டும்.