குடும்பப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி: எதை வாங்குவது, எந்த மென்பொருளைப் போடுவது?

தோட்டத்து வீடுகளில் அந்நாளில் தகர டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். பிறப்புப் பத்திரம், குடியுரிமைச் சான்றிதழ், கோயில் திருவிழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது அந்தப் பெட்டியும் கூடவே வந்தது. இன்று அதே ஆவணங்களும் படங்களும் பலருடைய கைப்பேசிகளிலும் பழைய மடிக்கணினிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கைப்பேசி தொலைந்தால் தாத்தா வேலை செய்த தோட்டத்தின் ஒரே படமும் அதோடு போய்விடக்கூடும்.

கூகள் போட்டோஸ் வரம்பில்லா இலவச இடம் தருவதை 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இப்போது மின்னஞ்சலையும் சேர்த்து ஒரு கணக்கிற்கு 15 கிகாபைட் மட்டுமே இலவசம். அதற்கு மேல் மாதந்தோறும் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டிலேயே சேமிப்பகம் வைத்துக்கொள்ளலாமா என்று குடும்பங்கள் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாஸ் என்றால் என்ன?

வீட்டு இணைய ரூட்டரில் கம்பி வழியாக இணைக்கப்பட்டு, எந்நேரமும் இயங்கும் சிறு கணினியே நாஸ். அதற்குள் ஒன்றோ இரண்டோ வன்தட்டுகள், அதாவது ஹார்ட் டிஸ்க்குகள், இருக்கும். வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி அனைத்தும் அதில் கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் முடியும்.

கைப்பேசிப் படம் ஒன்று 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 1 டெராபைட்டில் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். திருமணக் காணொளிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டெராபைட் பல ஆண்டுகளுக்குப் போதும்.

மூன்று வழிகள்

முதலாவது, ஆயத்தமாக விற்கப்படும் பெட்டி. சினாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் இரண்டு தட்டுப் பெட்டிகள் வீட்டுக்கு ஏற்றவை. மென்பொருள் அதனுடனேயே வரும். கைப்பேசிச் செயலியும் உண்டு. விலை கூடுதல், ஆனால் பராமரிப்பு குறைவு. வாங்குமுன் அந்த மாடல் எந்தெந்த வன்தட்டுகளை ஏற்கும் என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மேசைக் கணினி. செலவு குறைவு, வேகமும் போதும். ஆனால் வன்தட்டு பொருத்த எத்தனை இடம் உள்ளது என்று பெட்டியைத் திறந்து பார்த்த பின்பே வாங்க வேண்டும். மின்சாரமும் கூடுதலாக இழுக்கும். 80 வாட் இழுக்கும் கணினி 30 நாளில் சுமார் 58 யூனிட் எடுக்கும். 20 வாட் பெட்டிக்கு 14 யூனிட் போதும்.

மூன்றாவது, ராஸ்பெரி பை போன்ற கையடக்கக் கணினி. மின்செலவு மிகக் குறைவு. ஆனால் வன்தட்டை அதன் யூ.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகினால் மின்சாரம் போதாமல் தட்டு இடையிடையே நின்றுபோகலாம். தனி மின்னிணைப்பு உள்ள வன்தட்டே இதற்குப் பாதுகாப்பு.

எதை எடுத்தாலும் ரூட்டரும் கம்பியும் கிகாபிட் வேகம் கொண்டவையா என்று பார்க்க வேண்டும். 100 கிகாபைட் படங்களை நகலெடுக்கப் பழைய 100 மெகாபிட் இணைப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் இணைப்பில் கால் மணி நேரத்தில் முடிந்துவிடலாம்.

வன்தட்டில் ஏமாறாமல் இருக்க

வன்தட்டுகளில் சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என இரு வகை உண்டு. எஸ்.எம்.ஆர். தட்டில் தரவுத் தடங்கள் கூரை ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுத அடுத்ததையும் எழுத வேண்டியிருப்பதால், நாஸ் பெட்டியில் பழுதான தட்டை மாற்றும்போது வேலை மிகவும் இழுத்தடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிக்கென விற்ற ரெட் வரிசைத் தட்டுகள் சிலவும் எஸ்.எம்.ஆர். வகை என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அதே நிறுவனத்தின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் ஆகியவை சி.எம்.ஆர். வகையைச் சேர்ந்தவை.

மென்பொருள்: யார் பராமரிப்பார்?

சொந்தமாகக் கணினி அமைப்பவர்களுக்கு ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் என இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. ஓப்பன்மீடியாவால்ட் குறைந்த நினைவகத்திலும் ஓடும். ராஸ்பெரி பையிலும் போடலாம். ட்ரூநாஸுக்குக் குறைந்தது 8 கிகாபைட் நினைவகம் வேண்டும். அது பயன்படுத்தும் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை, காலப்போக்கில் ஒரு படம் தட்டிலேயே சிதைந்துவிட்டால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். வேறு தட்டில் நல்ல நகல் இருந்தால் தானே சரிசெய்தும்விடும். இரண்டுக்குமே மென்பொருளைப் போடத் தனியாக ஒரு சிறு தட்டு தேவை.

தேர்வு செய்யுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அமைத்துக் கொடுத்த பிள்ளை வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் போய்விட்டால், வீட்டில் இருப்பவர்களால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், கூடுதல் விலை கொடுத்தாவது ஆயத்தப் பெட்டியை வாங்குவதே மேல்.

இரண்டு தட்டு இருந்தால் மட்டும் போதாது

இரண்டு தட்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறைக்கு ரெய்டு 1 என்று பெயர். தலா 4 டெராபைட் கொண்ட இரு தட்டுகளைப் போட்டால் 4 டெராபைட் மட்டுமே கிடைக்கும். ஒரு தட்டு பழுதானாலும் மற்றது ஓடும். இதைக் காப்பு நகல் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். கை தவறி ஓர் ஆல்பத்தை அழித்தால் இரண்டு தட்டிலும் அது அழிந்துவிடும். மின்னல் இறங்கினாலும் வெள்ளம் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் விதி. நம் குடும்பங்களுக்கு இது கடினமில்லை. அண்ணன் கிள்ளானிலும் தங்கை சுங்கை பட்டாணியிலும் இருந்தால், தங்கை வீட்டு அலமாரியில் ஒரு வெளி வன்தட்டை வைக்கலாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைக் கொண்டுவந்து புதுப்பித்துத் திருப்பி அனுப்பலாம்.

இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம்

2022 ஜனவரியில் டெட்போல்ட் என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான கியூநாப் பெட்டிகளைப் பூட்டி, பிட்காயினில் பணம் கேட்டது. வெளியூரிலிருந்து கோப்புகளைப் பார்க்க விரும்புவோர் ரூட்டரில் வாசலைத் திறக்காமல், வி.பி.என். வழியாக நுழைவதே பாதுகாப்பு. மென்பொருள் மேம்பாடுகளை உடனுக்குடன் ஏற்றுவதும், நிர்வாகக் கணக்கிற்கு வலுவான கடவுச்சொல் வைப்பதும் அவசியம்.

உலகில் மின்னல் அதிகம் விழும் நாடுகளுள் மலேசியாவும் ஒன்று. திடீரென மின்சாரம் நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகள் கெடலாம். சிறிய யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி, மின்சாரம் போனால் பெட்டி தானே முறையாக அணைந்துகொள்ளும்படி இணைத்துவிட வேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரமான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

எல்லாம் அமைத்து முடித்த பிறகு, கடவுச்சொல்லையும் நகல் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டு முக்கியப் பத்திரங்களோடு வைத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளி வன்தட்டிலிருந்து பத்துப் படங்களைத் திறந்து பார்ப்பது நல்லது. அவை திறந்தால்தான் நகல் இருப்பது உறுதி.