சோற்றுக்கு மாற்று: மரவள்ளி முதல் காலிஃபிளவர் வரை



அண்மையில் "எங்கள் வீட்டு உணவு" என்னும் தலைப்பில் மாணவர்களைப் பேசச் சொன்னேன். ஒரு மாணவி, தன் தந்தைக்கு நீரிழிவு வந்தபின் தாயார் தேக்காவில் காலிஃபிளவர் வாங்கி, துருவி, சோறு போலச் சமைப்பதாகக் கூறினாள். அதைக் கண்ட அவளுடைய கொள்ளுப்பாட்டி, "மறுபடியும் ஜப்பான்காரன் காலம் வந்துவிட்டதா?" என்று கேட்டு, உண்ண மறுத்துவிட்டாராம். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கேள்விக்குள் ஒரு வரலாறே அடங்கியுள்ளது.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்து, சியோனான் ஆயிற்று. பர்மா, தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்த அரிசியையே இத்தீவு நம்பியிருந்தது. போர் அவ்வழியைக் குலைத்தது. அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. பங்கும் நாளடைவில் சுருங்கியது. வீட்டு முற்றங்களிலும் திடல்களிலும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. மரவள்ளி மாவில் ரொட்டியும் நூடல்ஸும் செய்தனர். கிழங்கு வயிற்றை நிரப்பியது; உடலைத் தேற்றவில்லை. சத்துக் குறைவால் பெரிபெரி நோய் பரவியது.

அந்நோய் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், சீனத் தொழிலாளரை வாட்டிய பெரிபெரி தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகத் தீண்டாததைக் கவனித்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஃபிளெட்சர் தொடங்கிய ஆய்வும் இவ்வேறுபாட்டையே காட்டியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். நம் முன்னோரின் அடுப்படி வழக்கம் அவர்களைக் காத்தது.

இன்று நம் சிக்கல் தலைகீழானது. அன்று பற்றாக்குறை, இன்று மிகுதி. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், சிங்கப்பூரரில் 9 பேருக்கு ஒருவர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கூறினார். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. காலிஃபிளவரில் 5 கிராம்தான். அன்றைய மாற்றான மரவள்ளியிலோ 38 கிராம்! இரண்டும் சோற்றுக்கு மாற்றுதான். ஆனால் ஒன்று பசியை ஆற்ற வந்தது, மற்றொன்று சர்க்கரையை அடக்க வந்தது.

எனினும், கொள்ளுப்பாட்டியின் மனத்தையும் நாம் மதிக்க வேண்டும். சோறில்லாத தட்டு அவருக்கு ஆரோக்கியத்தின் அடையாளமன்று; வறுமையின் அடையாளம். சோற்றை அடியோடு விலக்க வேண்டியதுமில்லை. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய உணவுத் தட்டில் பாதி காய்கனி. கால் பங்கு முழுதானியம். எஞ்சிய கால் பங்கு புரத உணவு. காலிஃபிளவரைச் சோறு என்று பெயரிட்டு ஏமாற்றாமல், பொரியலாகவே தாராளமாகப் பரிமாறி, அருகில் சிறிது கைக்குத்தல் அரிசிச் சோறு வைக்கலாமே! நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும், சோற்றைக் குறைக்குமுன் மருத்துவரைக் கேட்பது நன்று.

பெற்றோர்க்கும் சக ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். அக்காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். "அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள், விடையைத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் கிடைக்காத வரலாறு அந்தப் பக்கத்தில் கிடைக்கும்.