முல்கி என்னும் சொல்

நாட்டில் வாழ்வோரை நாட்டார் என்றும், ஊரில் வாழ்வோரை ஊரார் என்றும் வழங்குவது நம் மரபு. ஐதராபாத்தில் இதே முறையில் அமைந்த சொல் ஒன்று உண்டு. அதுவே முல்கி என்பது. அரபு மொழியில் 'முல்க்' என்பது அரசையும் ஆட்சிக்குட்பட்ட நாட்டையும் குறிக்கும். அரசனைச் சுட்டும் 'மலிக்', உடைமையாளனைச் சுட்டும் 'மாலிக்' ஆகியனவும் அவ்வேரிற் கிளைத்தவையே. 'முல்க்' என்பதன் இறுதியில் ஈகாரம் சேர, நாட்டைச் சார்ந்தவர் என்ற பொருள் பிறந்தது. பாரசீக, உருது மொழிகளின் வழியே ஐதராபாத்தில் வேரூன்றிய அச்சொல்லை, ஆங்கிலச் சட்ட ஏடுகளும் மொழிபெயர்க்காமல் அவ்வாறே ஏற்றுக்கொண்டன.

சொல் எளியது, அதன் வரலாறு எளியதன்று. 1853 முதல் 1883 வரை திவானாக விளங்கிய முதலாம் சாலார் ஜங் ஆட்சித் துறைகளைச் சீர்திருத்தியபோது, வட இந்தியாவிலிருந்து கற்றோர் பலர் அலுவலுக்கு வந்தனர். உள்ளூரார் மனக்குறை கொண்டனர். நாட்டைச் சாராதவர் எனப் பொருள்படும் 'கைர் முல்கி' என்ற எதிர்ச்சொல் வலுப்பெற்றது.

1919இல் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சியில் விதிகள் பிறந்தன. அரசு அலுவல் பெற முல்கியாக இருத்தல் வேண்டும். அயலிலிருந்து வந்தவரும் 15 ஆண்டுகள் நிலையாகத் தங்கி, பழைய ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக நீதிபதி முன் பிரமாணம் செய்தால் முல்கி ஆகலாம். ஆகவே, மண்ணோடுள்ள உறவைக் குறித்த சொல், சான்றிதழ் காட்டி மெய்ப்பிக்க வேண்டிய தகுதியாயிற்று. சான்றிதழ் என்று வந்தபின் பொய்ச் சான்றிதழும் வருமன்றோ? அக்குறையை எதிர்த்து 1952இல் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். ஐதராபாத் நகரத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் மாய்ந்தன.

1956இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்தபின், ஒரே மொழி பேசும் மக்களிடையே இச்சொல் பிளவாக நின்றது. 1969இல் தெலங்கானா கொந்தளித்தது. 1972 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளிக்க, கடலோர ஆந்திரம் கொந்தளித்தது. 1973இல் நாடாளுமன்றம் விதிகளை நீக்கிற்று. 1975ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, படித்த பள்ளி எங்குள்ளது என்பதைக் கொண்டு 'உள்ளூர் விண்ணப்பதாரர்' யாரென வகுத்தது.

முல்கி என்ற பெயர் சட்டத்தினின்று மறைந்தது. எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் ஓர் ஊர் நம் ஊராகும் என்ற வினாவோ மறையவில்லை. 2014இல் தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களிற் குடியேறிய தமிழராகிய நாமும் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா அது.