ஜப்பானின் தலையில் விழுந்த ஆகாயத்தாமரை

இலங்கையின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைச் சிங்களத்தில் 'ஜப்பான் ஜபர' என்கிறார்கள். பெயரோடு ஒரு கதையும் வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானிகளை ஏய்ப்பதற்காகப் பிரித்தானியர் இந்தச் செடியை நீர்நிலைகளில் பரப்பினார்களாம். பச்சை வெளி என்று நம்பி இறங்கிய விமானங்கள் நீரில் விழுந்து நொறுங்கினவாம். கலைக்களஞ்சியக் குறிப்புகள் முதல் பயணக் கட்டுரைகள் வரை இந்த விளக்கம் மேற்கோளாகிக்கொண்டே வருகிறது. பெயருக்குக் காரணம் சொல்ல வந்த கதை, நாளடைவில் செடி வந்த காலத்தையும் சொல்லும் சான்றாக மாறிவிட்டது. 1942க்கு முன் இலங்கையில் இந்தச் செடியே இல்லை என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விளக்கத்தில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. செடி போர்க்காலத்தில் வந்தது என்பது ஒன்று. பெயர் போரால் வந்தது என்பது மற்றொன்று. முதலாவதை ஒரே ஆவணம் தகர்த்துவிடும். இரண்டாவது அவ்வளவு எளிதில் விழாது.

அந்த ஆவணம் 1909ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். தீவில் ஆகாயத்தாமரை பரவுவதைத் தடுப்பதற்காகவே இயற்றப்பட்டது. அதன் தலைப்பு சற்று நின்று பார்க்கத் தக்கது. பயிர்ப் பாதுகாப்பு, களை ஒழிப்பு என்ற பொதுப் பெயர் எதுவும் அதில் இல்லை. ஒரேயொரு செடியின் பெயரே சட்டத்தின் பெயர். 'பயிர்ப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்' என்ற பெயரில் ஒன்று வந்தது 1924இல்தான். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே ஒரு நீர்ச்செடிக்குத் தனிச்சட்டம் என்றால், அரசு அதைக் கண்டு எவ்வளவு மிரண்டிருக்க வேண்டும்! சட்டத்தின் பெயரில் ஜப்பான் எங்கும் இல்லை என்பதும் கவனத்துக்குரியது. அது ஆங்கிலப் பெயரின் வழக்கமான வடிவத்தையே தாங்கி நிற்கிறது. பர்மாவில் இதே செடிக்கு 1917இலும் வங்கத்தில் 1936இலும்தான் சட்டம் வந்தது. சயாமில் 1913. இந்த வரிசையில் இலங்கை முந்திக்கொண்டது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் பறந்தபோது சட்டத்துக்கு வயது முப்பத்துமூன்று.

அப்படியானால் செடி எப்போது வந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு 1905. ஆளுநரின் மனைவி ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். அப்போதைய ஆளுநர் சர் ஹென்றி பிளேக், இலங்கைக்கு மாறி வருமுன் ஹாங்காங் ஆளுநராக இருந்தவர். அவருடைய மனைவி ஈடித் பிளேக் செடிகொடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரைவதில் தேர்ந்தவர். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதுதான் சற்று உறுத்துகிறது. பிளேக் குடும்பம் ஹாங்காங்கை விட்டது 1903இன் இறுதியில். கையோடு வந்த செடி என்றால் ஆண்டு முந்த வேண்டும். 1905தான் சரி என்றால் பிறகு சொல்லியனுப்பி வரவழைத்திருக்க வேண்டும். தவிரவும், பூவின் அழகில் மயங்கிச் செடியைக் கொண்டுவந்த சீமாட்டி பல நாட்டுக் கதைகளில் வருகிறார். சயாமில் அவர் ஜாவாவுக்குப் போய்வந்த அரசி. வங்கத்தில் ஹேஸ்டிங்ஸ் சீமாட்டி. மயிற்பீலிக் கண்போல மஞ்சள் பொட்டிட்ட அந்த ஊதாப் பூவைப் பார்த்தவர்களுக்கு இக்கதைகள் ஏன் பிறந்தன என்று விளங்கும். ஆகவே ஆளையும் ஆண்டையும் திறந்த கேள்விகளாகவே விடுவது நல்லது. 1909க்கு முன் வந்தது என்பது மட்டும் உறுதி.

இனி விமானங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும், ஏப்ரல் 9இல் திருகோணமலையையும் தாக்கியவை விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள். குண்டு வீசிவிட்டுக் கப்பலுக்குத் திரும்புவதே அவற்றின் வேலை. எதிரியின் தீவில் பச்சையாகத் தெரியும் இடத்தில் இறங்கிப் பார்க்க அந்த விமானிகளுக்கு ஒரு தேவையும் இல்லை. அந்நாளில் கொழும்பில் கண்கட்டு வித்தை நடந்தது உண்மைதான். ஆனால் அது தலைகீழானது. குதிரைப் பந்தயத் திடல் விமானத் தளமாக மாற்றப்பட்டு, அங்கிருந்து பிரித்தானியப் போர் விமானங்கள் எழுந்தன. தளம்போல் தோன்றாத இடம் தளமாக இருந்த இந்தச் சங்கதிதான், தளம்போல் தோன்றிய குளம் என்று வாய்மொழியில் புரண்டுபோனதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

பெயருக்கு வருவோம். ஊர்ப் பெயர் தாங்கிய செடி அந்த ஊரிலிருந்துதான் வந்தது என்றோ, அந்த ஊராரோடு நடந்த சண்டையில் வந்தது என்றோ கொள்ள வேண்டியதில்லை. பரங்கிக்காயும் சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குகள். பரங்கியும் சீமையும் நமக்கு 'அயல்' என்பதற்கு மாற்றுச் சொற்கள், அவ்வளவுதான். தாய்லாந்துக்காரர்கள் ஆகாயத்தாமரையை ஜாவாவின் பெயரால் அழைக்கிறார்கள். செடியின் தாயகமோ அமேசான் படுகை. வங்கத்தில் முதல் உலகப் போரை ஒட்டி இதே செடி 'ஜெர்மன் பானா' ஆயிற்று. வேண்டாத செடியை அந்தந்தக் காலத்துப் பகைவர் தலையில் கட்டுவது மக்கள் வழக்கு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

போருக்கு முன்பே ஜப்பானின் பெயர் செடியோடு ஒட்டியிருக்க இன்னொரு வழியும் உண்டு. 1884இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய பருத்திக் கண்காட்சியில் ஜப்பானியக் குழுவினர் இச்செடியை வந்தவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் என்பது அமெரிக்காவில் பலமுறை எழுதப்பட்ட செய்தி. அதன் நம்பகத்தன்மை வேறு கதை. போருக்கு அரை நூற்றாண்டு முன் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியிலும் ஜப்பான் வருகிறது என்பதே இங்கே எடுபடும் பொருள். செடி வணிகர்கள் வாயிலாக அந்தப் பெயர் கொழும்புக்கு வந்திருக்கலாம். இதற்கு மேல் இந்த நூலை இழுத்தால் அறுந்துவிடும்.

இதைவிட வலுவாகத் தோன்றும் ஊகம் ஒன்று உண்டு: போர்க்கதை ஆகாயத்தாமரையின் கதையே அல்ல, சல்வீனியா என்ற இன்னொரு மிதவைக் களையின் கதை. சல்வீனியா இலங்கைக்கு வந்தது 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறை வழியாக. அது பெருகிப் படர்ந்த காலமும் போர்க்காலமும் ஒன்று. ஆகாயத்தாமரை இடுப்பளவுகூட நிமிர்ந்து நிற்கும். பூத்தால் தொலைவிலிருந்தே தெரியும். சல்வீனியாவோ பாய் விரித்தாற்போல் நீரோடு ஒட்டிக் கிடப்பது. வானிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தரையாகத் தோன்றும் தகுதி இதற்கே அதிகம். மிதக்கும் களை எதுவானாலும் சல்வீனியா என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. கிழக்கில் ஆகாயத்தாமரை 'ஆற்றுவாழை' ஆகிறது. சித்த மருத்துவ நூல்களின் ஆகாயத்தாமரையோ ஊதாப் பூப் பூக்காத வேறொரு மிதவைச் செடி. பெயர்கள் இப்படிச் செடி விட்டுச் செடி தாவும்போது கதை மட்டும் தாவாமல் இருக்குமா?

பெயர் பிசகினால் என்ன நேரும் என்பதற்குச் சல்வீனியாவே சாட்சி. நெடுநாள் அதை 'சல்வீனியா ஆரிகுலேட்டா' என்று நினைத்து, அந்த இனம் வளரும் டிரினிடாட் முதலிய இடங்களில் எதிரிப் பூச்சி தேடினார்கள். அது வேறு இனம் என்று தாவரவியலாளர் மிட்செல் 1972இல் 'சல்வீனியா மொலெஸ்டா' என்ற பெயரிட்டார். 1978இல் தென்கிழக்குப் பிரேசிலில் அதன் தாயகம் பிடிபட்டது. அங்கிருந்து எடுத்த சிறு கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சற்றுக் கடந்ததும் ஏரி தெளிந்தது. 1986இல் வண்டு இலங்கைக்கு வந்தது. இங்கும் பலித்தது, இம்முயற்சியில் செலவிட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் பயன் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

ஆகாயத்தாமரையில் அந்த வெற்றி கிட்டவில்லை. சல்வீனியா மலடு; துண்டாகி மட்டுமே பெருகும். ஆகாயத்தாமரையோ விதை போடும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, குளம் வற்றி மறுபடி நிறையும்போது முளைக்கும். அதற்குரிய வேறு கூன்வண்டு தின்றாலும் ஊர்கூடி வாரிக் கரையில் போட்டாலும் இதுதான் நிலை. செடியை வைத்திருப்பவரைத் தண்டிக்கலாம் என்று எண்ணிய 1909ஆம் ஆண்டுச் சட்டம் தோற்ற இடமும் இதுவே. பொதுக் குளத்துச் சேற்றில் கிடக்கும் விதைக்கு யார் பொறுப்பாளி?

தேதியைப் பற்றி இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் உண்டு. செடி 1942இல் வந்தது என்றால் அது போர் விட்டுச்சென்ற விபத்து; யாரையும் கேள்வி கேட்க முடியாது. 1909க்கு முன் வந்தது என்றால், தோட்ட அழகுக்காக வந்து, அரசுக்குத் தெரிந்தே, சட்டம் இருக்கும்போதே பரவிய செடி அது.

1909க்கும் 1941க்கும் இடைப்பட்ட சிங்கள, தமிழ் நாளிதழ்களையோ கச்சேரிக் கடிதங்களையோ வைத்திருப்பவர்கள், அவற்றில் இச்செடிக்கு என்ன பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போருக்கு முந்தைய தாள் ஒன்றில் ஜப்பான் என்ற சொல் செடியோடு சேர்ந்து கிடைத்தால் இரண்டாவது கூற்றும் விழுந்துவிடும். அதுவரை அது சந்தேகத்தின் பலனோடு நிற்கட்டும்.