மிலானில் நின்று லக்னோவில் ஓடிய வண்டி

இத்தாலி வண்டி என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது டுகாட்டி. விவரம் தெரிந்தவர்கள் மோட்டோ குஸ்ஸி, லவெர்டா என்று ஒரு படி மேலே போவார்கள். படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நமக்கும் அதற்குமான சம்பந்தம் முடிந்துவிடும். ஆனால் ஒரு முழு இத்தாலிய வண்டித் தொழிற்சாலையே பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, இங்கே லக்னோவுக்கு வெளியே கான்பூர் ரோட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஓடியது என்று சொன்னால், ஆபீசில் என் பக்கத்துச் சீட்டுக்காரரே நம்ப மறுக்கிறார். இத்தனைக்கும் அவர் பிறந்து வளர்ந்தது இதே ஊர். நான்தான் பிழைக்க வந்த மதராஸி.

லாம்பிரெட்டாவைத்தான் சொல்கிறேன். "அது ஸ்கூட்டர், பைக்கே இல்லையே" என்று புல்லட் ஆசாமிகள் சண்டைக்கு வரலாம். பரவாயில்லை, வரட்டும் :-)

கதை இரண்டாம் உலகப் போர் முடிந்த இத்தாலியில் தொடங்குகிறது. தோற்ற நாடு, உடைந்த சாலைகள், கார் வாங்க யாரிடமும் காசில்லை. குண்டுவீச்சில் அடிவாங்கிய தொழிற்சாலைகளின் முதலாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை யோசித்தார்கள்: மலிவாக, சின்னதாக, ஓடுகிற மாதிரி ஏதாவது. டுகாட்டியே அப்போது செய்தது சைக்கிளில் மாட்டும் 48 சிசி குட்டி எஞ்சினைத்தான். விமானம் செய்துகொண்டிருந்த பியாஜியோ 1946ல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. மிலானில் லாம்ப்ராத்தே என்ற பகுதியில் இரும்புக் குழாய் செய்துகொண்டிருந்த ஃபெர்டினாண்டோ இன்னொசென்ட்டி 1947ல் லாம்பிரெட்டாவைக் கொண்டுவந்தார். ஊர்ப் பெயரையே வண்டிக்கு வைத்துவிட்டார்.

இந்த 'விமானக்காரர்', 'குழாய்க்காரர்' வித்தியாசம் வண்டியைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும். வெஸ்பா தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த கூடு, உடம்பேதான் எலும்பு. லாம்பிரெட்டாவில் உள்ளே தடித்த இரும்புக் குழாய் ஒன்று முதுகெலும்பாக ஓடும். அதன்மேல் தகடுகளைச் சட்டை மாதிரி மாட்டியிருப்பார்கள். குழாய் விற்றவர் குழாயில்தானே வண்டி கட்டுவார்? வெஸ்பாவின் எஞ்சின் பின்சக்கரத்துக்கு வலப்பக்கம் தொங்கும். அதே வழியில் வந்த பஜாஜ் சேத்தக்கும் அப்படியே. காலையில் ஸ்டார்ட் ஆகாத சேத்தக்கை அப்பாக்கள் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு உதைப்பார்களே, அந்தக் காட்சியைப் பார்க்காமல் வளர்ந்தவர் நம்மில் குறைவு. லாம்பிரெட்டாவில் எஞ்சின் நடுவில் படுத்திருக்கும், எடை இரண்டு பக்கமும் சமம். வளைவில் திரும்பும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

1958ல் வந்த எல்ஐ வரிசைதான் அடிப்படை. அதற்கு முன்னால் ஷாஃப்ட் ஓட்டம். எல்ஐயில் இருந்து, மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் ஓடும் இரட்டைச் செயின். 57 மில்லிமீட்டர் போர், 58 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 148 சிசி. இந்த அளவு மிலானில் இருந்து லக்னோ வரை மாறவே இல்லை. 1962ல் டிவி 175 மாடலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். கடையில் விற்கும் இரு சக்கர வண்டியில் டிஸ்க் பிரேக் என்பதே அப்போது புதுசு.

அப்புறம் ஏன் மூடினார்கள்? இத்தாலிக்காரன் கையில் காசு சேர்ந்தது, அவ்வளவுதான். 1957ல் ஃபியட் 500 வந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு மழையில் நனையாமல் போக ஒரு கார் கிடைத்தால் யார் ஸ்கூட்டரில் போவார்? இன்னொசென்ட்டியே காரும் செய்ய ஆரம்பித்தது. 1966ல் முதலாளி போய்ச் சேர்ந்தார். 1969ல் பெர்த்தோனே நிறுவனம் வடிவம் கொடுத்த ஜிபி மாடல் வந்தது. பார்க்க அத்தனை அழகு, ஆனால் அதுதான் கடைசி. அதே 1969ல் வட இத்தாலி முழுக்க வேலைநிறுத்தங்கள். 1971ல் லாம்ப்ராத்தேயில் ஸ்கூட்டர் உற்பத்தி நின்றது.

இங்கே நம் கதை. அப்போது இந்தியாவில் ஸ்கூட்டர் என்றால் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கே அரசு அனுமதி வேண்டிய காலம். பம்பாயில் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஐம்பதுகளில் இருந்தே உரிமம் வாங்கி லாம்பிரெட்டா செய்துகொண்டிருந்தது (பின்னாளில் 'லாம்பி' என்று வந்ததும் அவர்களுடையதுதான்). பஜாஜ் வெஸ்பா செய்தது. இரண்டும் சேர்ந்தும் போதவில்லை. மிலானில் ஒரு முழுத் தொழிற்சாலை சும்மா கிடக்கிறது. மத்திய அரசு இயந்திரங்கள், அச்சுகள், வரைபடங்கள், பெயர் உரிமை எல்லாவற்றையும் வாங்கிவிட்டது. 1972 செப்டம்பரில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் பதிவாகி, லக்னோ சரோஜினி நகரில் ஆலை எழுந்து, 1975ல் வண்டி வெளியே வந்தது. உள்நாட்டுக்கு 'விஜய் சூப்பர்', வெளிநாட்டுக்கு 'லாம்பிரெட்டா'.

இதை வைத்து அரசுத்துறையைக் கிண்டல் செய்வது இங்கே ஒரு பொழுதுபோக்கு. 'இத்தாலிக்காரன் தூக்கிப்போட்டதை நம்ம சர்க்கார் பொறுக்கியது' என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய இயந்திரத்தை வாங்கியது தப்பென்றால், திருவொற்றியூர் என்ஃபீல்டை என்ன சொல்வீர்கள்? அங்கேயும் 1950களில் இங்கிலாந்தில் இருந்து அச்சுகளை வரவழைத்துத்தான் புல்லட் செய்தார்கள். இங்கிலாந்துக் கம்பெனி 1970ல் போயே போய்விட்டது, மெட்ராஸ் வண்டி இன்னும் ஓடுகிறது. அவர்களும் தொண்ணூறுகளில் மூடும் நிலைக்குப் போய்த்தான் மீண்டார்கள். ஆக, வாங்கியது சரி. வரைபடத்தை வாங்கியவர்கள் வரைகிறவர்களை வளர்க்காமல் விட்டார்கள், தப்பு அங்கேதான். 1969ல் மிலானில் வரைந்த வண்டி, பெரிய மாற்றமே இல்லாமல் தொண்ணூறுகள் வரை வந்துகொண்டிருந்தது. 1984ல் பட்டனை அழுத்தினால் கிளம்பும், கியரே இல்லாத கைனடிக் ஹோண்டா வந்துவிட்டது. அதே சமயத்தில் 80 கிலோமீட்டர் தள்ளி, கான்பூரில், எல்எம்எல் பியாஜியோவோடு சேர்ந்து வெஸ்பா செய்ய இறங்கியது. யோசித்துப் பாருங்கள், மிலானும் பொன்டடேராவும் போட்ட சண்டை லக்னோ கான்பூர் நெடுஞ்சாலையில் மறுபடி நடந்தது! 1997ல் லக்னோவில் ஸ்கூட்டர் நின்றது. மூன்று சக்கர 'விக்ரம்' மட்டும் தொடர்ந்தது. இந்த ஊரில் ஷேர் ஆட்டோவுக்கே 'விக்ரம்' என்றுதான் பெயர். எல்எம்எல் 2017ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. 2021 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை மூட ஒப்புதல் தந்தது. சண்டை போட்ட இரண்டு பேரும் இப்போது இல்லை.

ஆனால் ஒன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் அறுபதுகளின் 'மாட்' இளைஞர்களுக்கு லாம்பிரெட்டா என்றால் உயிர். 1979ல் 'க்வாட்ரோஃபீனியா' படம் வந்ததும் அந்த மோகம் மறுபடி கிளம்பியது. அப்போது மிலானில் ஆலை கிடையாது. ஸ்பெயினில் செர்வெட்டா கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. மற்றபடி புது ஜிபி வேண்டுமென்றால் லக்னோவில் இருந்துதான் போக வேண்டும். போனது. அச்சு அதேதான் என்பதால் இங்கே வார்த்த உதிரிப்பாகம் அங்கே மிலான் வண்டியில் பொருந்தும். பெயின்ட்டும் குரோமும் மட்டம் என்று வெள்ளைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார்கள். எந்த மாற்றமும் செய்யாத சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுகிறோமே, அதே காரணத்தால்தான் உலகெங்கும் பழைய இத்தாலிய லாம்பிரெட்டாக்கள் குப்பைக்குப் போகாமல் பிழைத்தன. பிறகு இங்கே கொட்டிலில் கிடந்த பழைய வண்டிகளையும் அவர்களே வாங்கிக் கப்பலேற்றினார்கள். இன்று லக்னோவில் ஒரு முழு விஜய் சூப்பரைத் தேடிப் பிடிப்பது குதிரைக் கொம்பு.

என்னிடம் ஒன்று இருக்கிறது. 1978ல் பதிவானது, 2014ல் வாங்கினேன். அதை ஓட வைப்பவர் கைசர்பாக் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் மிஸ்திரி. எழுபதைத் தாண்டியவர், சரோஜினி நகர் ஆலையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவர். நான் 'உஸ்தாத்' என்பேன், அவர் என்னை 'ஆப்' போட்டு 'பாபு சாஹப்' என்பார். லக்னோவின் மரியாதை அப்படி, திட்டும்போதும் 'ஆப்'தான்.

இந்த வண்டியில் மூன்று இடங்களைக் கவனித்தால் போதும் என்பது அவர் பாடம். முதலாவது பின்சக்கர ஹப். பற்கள் வெட்டிய கூம்பு மாதிரித் தண்டில் அது உட்காருகிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் ஹப் ஆடி ஆடிப் பற்களைத் தின்றுவிடும். இரண்டாவது, மேக்னட்டில் இருக்கும் விசிறி. சிலிண்டருக்கு மேல் தகடு மூடியிருப்பதால் விசிறி தள்ளும் காற்றுதான் அதற்குக் குளிர்ச்சி. உள்ளே தூசி அடைத்தால் வெளியே தெரியாது, பிஸ்டன் பிடித்த பிறகுதான் தெரியும். மூன்றாவது கியர் கேபிள். இடது கைப்பிடியைத் திருகி கியர் போட இரண்டு கேபிள்கள், ஒன்று இழுக்க ஒன்று விட. இரண்டும் ஒரே இழுவிசையில் இல்லையென்றால் மூன்றாவது கியர் கிடைக்காமல் நடுரோட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கேபிளை விரலால் மீட்டிப் பார்ப்பார், வீணைக்குச் சுருதி சேர்க்கிற மாதிரி.

இப்போது புதுத் தலைவலி பெட்ரோல். 2025ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. அந்தக் காலத்து ரப்பருக்கு எத்தனால் ஆகாது, தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டர் வாஷர்களையும் மாற்றிவிட்டோம். வண்டியை ஒரு வாரம் நிறுத்துவதென்றால் டாங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, பெட்ரோலை வடித்துவிடச் சொல்கிறார். பங்க்கில் 2டி ஆயில் கேட்டால் பையன்கள் விழிக்கிறார்கள். பாட்டில் வாங்கி நானே கலக்கிக்கொள்கிறேன், லிட்டருக்கு 30 மில்லி, உஸ்தாத் கணக்கு.

உதிரிப்பாகத்துக்கு டெல்லி கரோல் பாக்கில் தேடுகிறோம். ஊருக்குப் போகும்போது புதுப்பேட்டையில் ஒரு சுற்று. தகடு, கண்ணாடி, ரப்பர் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது, வெளிநாட்டுக்காரர்களுக்காகச் செய்கிறார்கள். கிடைக்காதது ஆட்கள்தான். உஸ்தாத்தின் மகன் மொபைல் கடை வைத்திருக்கிறார். கேபிளை மீட்டிச் சுருதி பார்ப்பதை நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், விரலுக்குத் தெரிவது வீடியோவில் வரவில்லை.

சட்டமும் ஒரு பக்கம் வேடிக்கை காட்டுகிறது. தனியார் வண்டிக்கு 15 வருடம் முடிந்ததும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022ல் 1000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருடம் தாண்டிய இரு சக்கர வண்டிக்கு 2000. என் வண்டிக்கு அடுத்த புதுப்பிப்பு 2028ல். அதே வருடம் அதற்கு 50 வயதும் முடிகிறது. 2021ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி அசல் நிலையில் இருக்கும் வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். மரியாதையான பட்டம், தனி நம்பர் பிளேட். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது.

உஸ்தாத்திடம் இதைச் சொன்னேன். ஹப் நட்டை இறுக்கிக்கொண்டே, "ஆலையை மூடியது போதாதென்று வண்டியையும் அலமாரியில் வைக்கச் சொல்கிறார்களா, பாபு சாஹப்? 2000 ரூபாயைக் கட்டுங்கள்" என்றார். அப்புறம் கிக்கரை உதைத்தார், இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.