குட்டிகளைப் பிரிந்த தாய்

வீட்டு நாய் ஐந்து குட்டிகள் ஈன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறீர்கள். அன்றிரவு தாய் நாய், குட்டிகள் கிடந்த சாக்கை முகர்ந்து பார்க்கிறது. திண்ணைக்கும் கொல்லைக்குமாக நடக்கிறது. மெல்ல முனகுகிறது. "பாவம், பெற்ற வயிறு தேடுகிறது" என்கிறார் பாட்டி. "இரண்டு நாளில் மறந்துவிடும்" என்கிறார் அப்பா. இருவரில் யார் சொல்வது சரி?

எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை காண விஞ்ஞானம் நடந்து வந்த பாதை நீண்டது. அப்பாதையில் சற்று நடந்து பார்ப்போம், வாருங்கள்.

இயந்திரமா, தாயா?

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட், விலங்குகளை இயந்திரங்களுக்கு ஒப்பிட்டார். கடிகாரம் மணியடிப்பது போலத்தான் விலங்கின் செயல்களும் என்றார். இக்கருத்தை ஏற்றால், முனகும் தாய் நாய் எண்ணெய் வற்றிய சக்கரத்தைப் போன்றது. அதற்காக யாரும் இரக்கப்படத் தேவையில்லை.

இதற்கு மாறாகப் பேசியவர் சார்லஸ் டார்வின். 1871-இல் வெளியான மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், மனிதனின் உணர்ச்சிகளுக்கும் விலங்கின் உணர்ச்சிகளுக்கும் உள்ள வேறுபாடு அளவில்தான், வகையில் அன்று என்று வாதிட்டார். தாயன்புக்குப் பல சான்றுகள் தந்தார். அவற்றுள் ஒன்று சுவையானது. ஒரு பெண் பபூன் குரங்கு பூனைக்குட்டி ஒன்றைத் தன் குட்டியாக எடுத்து வளர்த்தது. குட்டி ஒருநாள் பிராண்டிவிட்டது. திகைத்த குரங்கு அதன் பாதங்களைப் பிடித்து ஆராய்ந்து, நகங்களைக் கடித்து எறிந்துவிட்டதாம்!

கதைகள் சுவையானவை, ஆனால் கதை சோதனை ஆகாது. 1894-இல் லாயிட் மார்கன் என்ற ஆங்கில அறிஞர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். விலங்கின் ஒரு செயலை எளிய காரணத்தால் விளக்க முடியுமானால், அதற்கு உயர்ந்த மனத்திறனைக் காரணமாகக் காட்டக் கூடாது என்பதே அது. இதன் பிறகு ஆராய்ச்சியாளர்கள் 'தாயின் மனம்' என்ற பேச்சை விட்டு, 'தாயின் செயல்' என்பதை அளக்கத் தொடங்கினர்.

எலிகள் சொன்ன செய்தி

1933-இல் வீஸ்னர், ஷீர்டு என்ற இருவர் எலிகளின் தாய்மை பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். குட்டிகள் வளர வளரத் தாய் எலியின் அக்கறை குறையும், இது இயல்பு. ஆனால் வளர்ந்த குட்டிகளை எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் இளங்குட்டிகளை வைத்தபோது, குறைய வேண்டிய அக்கறை குறையாமல் நீடித்தது!

1967-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜே ரோசன்பிளாட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். குட்டியே ஈனாத பெண் எலிகளின் கூண்டில் நாள்தோறும் இளங்குட்டிகளை வைத்தார். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை குட்டிகளை வாயால் கவ்விக் கூட்டுக்குக் கொண்டு வந்தன, நக்கிக் கொடுத்தன, அணைத்துப் படுத்தன. ஆண் எலிகளும் அவ்வாறே செய்தன.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தாய்மை என்பது தாயின் உடலில் மட்டும் பூட்டி வைக்கப்பட்ட சரக்கு அன்று. ஹார்மோன்கள் அதைத் தொடங்கி வைக்கின்றன. ஆனால் அதைத் தொடர்ந்து நடத்துபவை குட்டிகளின் மணம், குரல், தீண்டல், பால் உறிஞ்சல் ஆகியவையே. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தக்க தருணத்தில் சிறிது தள்ளினால் அது ஆடிக்கொண்டே இருக்கும். தள்ளுவதை நிறுத்தினால் வீச்சு சிறிது சிறிதாகக் குறைந்து தானே நிற்கும். ஆடும் ஊஞ்சலைக் கைகளால் தடுத்து நிறுத்திப் பாருங்கள். அதிர்ச்சி உங்களுக்கும் உண்டு, ஊஞ்சலுக்கும் உண்டு. தாயையும் குட்டியையும் பிரிப்பதிலும் இந்த இரண்டு வழிகள் இருக்கின்றன.

பூனையின் மூன்று பருவங்கள்

முதல் வழிதான் இயற்கையின் வழி. இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ரோசன்பிளாட், டர்க்கெவிட்ஸ், ஷ்னெய்ர்லா ஆகிய மூவர். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளை வளர்த்து, அவர்கள் 1960-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர்.

பால் கொடுக்கும் காலத்தை அவர்கள் மூன்று பருவங்களாகப் பிரித்தனர். முதல் மூன்று வாரங்களில் தாயே குட்டிகளைத் தேடிச் சென்று, சுற்றிப் படுத்துப் பால் தருகிறது. அடுத்த சில வாரங்களில் குட்டி தாயைத் தேடுகிறது, தாயும் குட்டியைத் தேடுகிறது. மூன்றாம் பருவத்தில் குட்டிகள் துரத்துகின்றன, தாய் நழுவுகிறது. எட்டாத உயரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நாயும் இப்படியே. குட்டிகளுக்கு ஊசிப் பற்கள் முளைத்ததும், முன்பு பொறுமையாகப் படுத்திருந்த தாய் எழுந்து போகிறது. மீறி வந்தால் உறுமுகிறது.

இது கொடுமையா? இல்லை. 1974-இல் ராபர்ட் டிரிவர்ஸ் என்ற உயிரியலார் இதற்கு விளக்கம் தந்தார். குட்டிக்குத் தேவை இன்னும் கொஞ்சம் பால். தாய்க்குத் தேவை அடுத்த ஈற்றுக்கான உடல் வலிமை. இரண்டின் நலனும் முழுக்க ஒன்றல்ல. ஆகவே பால் மறக்கும் காலத்தில் தாய்க்கும் குட்டிக்கும் இழுபறி எழுவது இயல்பு. அந்த இழுபறியிலேயே பாசக்கயிறு மெல்லத் தளர்கிறது.

எனவே, தாய் தானாக விலகத் தொடங்கிய பின் குட்டி வீடு மாறினால், அது பெரும்பாலும் முடிந்துகொண்டிருந்த ஒன்றின் முடிவுதான். முதல் பருவத்திலேயே குட்டியைப் பறித்தால் நிலைமை வேறு. அப்போது ஊஞ்சல் முழு வீச்சில் ஆடிக்கொண்டிருக்கிறது. தாய் கூவும், தேடும், உணவை ஒதுக்கும். மடியில் பால் கட்டி வலிக்கவும் செய்யும்.

மறந்துவிடுகிறதா?

சரி, தேடுவது நின்றுவிட்டால் மறந்துவிட்டது என்று பொருளா? இதை 1994-இல் சோதித்துக் கூறியவர் பீட்டர் ஹெப்பர். குட்டிப் பருவத்தில் பிரிக்கப்பட்டு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனித்தனியே வாழ்ந்த தாய் நாய்களையும் அவற்றின் பிள்ளைகளையும் அவர் எடுத்துக்கொண்டார். நாய்களின் படுக்கையில் துணி விரித்து மணம் ஏற்றினார். பிறகு, பெற்ற பிள்ளையின் மணம் ஏறிய துணியையும், அதே இனத்தைச் சேர்ந்த அறியாத நாயின் துணியையும் தாயின் முன் வைத்தார். பெரும்பாலான தாய்கள் தம் பிள்ளையின் துணியருகே அதிக நேரம் நின்றன! பிள்ளைகளும் அவ்வாறே தாயின் மணத்தை அறிந்தன. ஆனால் உடன்பிறந்தவற்றின் மணத்தைத் தனித்து வாழ்ந்த நாய்கள் அறியவில்லை. வேறொரு உடன்பிறப்போடு வாழ்ந்தவை மட்டுமே அறிந்தன.

ஆக, தேடியது உண்மை என்ற அளவில் பாட்டி சொன்னது சரி. தேடல் சில நாளில் ஓய்ந்துவிடும் என்ற அளவில் அப்பா சொன்னதும் சரி. 'மறந்துவிடும்' என்பது மட்டும் சரியில்லை. அதேசமயம், அடையாளம் காண்பது வேறு, ஏங்குவது வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகளும் அந்த நாய் அழுதுகொண்டே இருந்தது என்று இச்சோதனை கூறவில்லை. லாயிட் மார்கனின் எச்சரிக்கை இன்றும் செல்லும்.

எட்டு வாரக் கணக்கு

குட்டியை எப்போது பிரிக்கலாம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில், ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்டனர். அங்கு நடந்த ஒரு சோதனையில், வேலியிட்ட வயலில் மனிதர் கண்ணில் படாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. 14 வாரம் வரை மனிதரையே காணாத குட்டிகளைப் பழக்குவது பெரும்பாடாக இருந்தது. மனிதரோடு பிணைப்பு ஏற்பட 6 முதல் 8 வாரம் உகந்தது என்று அவர்கள் கருதினர்.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? இக்கணக்கு குட்டியைப் பற்றியது. குட்டியை வாங்குபவரைப் பற்றியது. தாயைக் கேட்டுப் போட்ட கணக்கு அன்று.

பின்னர் வந்த ஆய்வுகளும் குட்டியின் பக்கமே நின்றன. 30 முதல் 40 நாளில் பிரிக்கப்பட்ட நாய்களிடம், இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றைவிட அச்சமும் ஓயாத குரைப்பும் மிகுதி என்று 2011-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்லாந்தில் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றிய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. 8 வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் மிகுதியாக இருந்தது என்றும், 14 வாரம் வரை தாயோடு விடுவது நல்லது என்றும் அது கூறியது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன.

இதில் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. குட்டியின் நலனுக்காக விதித்த காலமும், தாய் தானாக விலகத் தொடங்கும் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. குட்டிக்காகக் காத்திருந்தால் தாய்க்காகவும் காத்திருந்ததாகிறது.

நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பொறுத்திருப்பது. கண் திறந்ததும் குட்டியைக் கேட்டு வருபவரிடம், "எட்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள். பூனைக்குட்டியாயின் இன்னும் சில வாரம் பொறுக்கலாம்.

இரண்டாவது, ஒரே நாளில் எல்லாக் குட்டிகளையும் அனுப்பாதிருப்பது. ஒவ்வொன்றாகக் குறைந்தால் உறிஞ்சலும் குறையும். அதற்கேற்பப் பால் சுரப்பதும் குறையும். மடியில் தேங்கும் பாலின் அழுத்தமே மேலும் சுரப்பதைத் தடுக்கும். ஆகவே, பால் கட்டியிருக்கிறதே என்று அடிக்கடி பீய்ச்சிவிட்டால் சுரப்பு மேலும் தூண்டப்படும். மடி சூடாகிச் சிவந்தாலோ, தாய் சோர்ந்து படுத்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மூன்றாவது, அந்தச் சில நாட்கள் தாயோடு இருப்பது. அது முனகினால் அதட்டாதீர்கள். வழக்கமான நேரத்தில் உணவு, உலாவல், உங்கள் கையின் தடவல் இவை போதும்.

நான்காவது, குட்டிகளை வைத்துக் காக்க வழியில்லாதவர்கள் தாய்க்கு மீண்டும் சினை பிடிக்காதபடி கருத்தடை அறுவை செய்வதே நல்லது. ஆண்டுதோறும் ஈன்று ஆண்டுதோறும் பிரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

குட்டியை வாங்கப் போகும்போது அதன் நிறம், காது, வால் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அடுத்த முறை, "தாய் எங்கே?" என்றும் கேட்டுப் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.